கரண்டைப் பார்த்து பிரிண்டர் வாங்குங்கள்

யாங்கூனில் இருபது வருஷத்துக்கு மேல் போட்டோ ஸ்டுடியோவும் ஜெராக்ஸ் கடையும் நடத்தியவன் நான். வீட்டுக்கு எந்த பிரிண்டர் நல்லது என்று நம்மவர்கள் கேட்டதில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். விலையை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். டாலர் ஏறினால் காலையில் சொன்னது சாயங்காலம் நிற்காது.

அண்ணே, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இரண்டு பேர். குடும்பப் பட்டியல் நகல், பாடக் குறிப்பு, நடுவில் கொஞ்சம் போட்டோ. லேசர் வாங்கவா, இங்க் டேங்க் வாங்கவா? (திங்கான்ஜூன் அக்கா)

முதலில் ஒன்று சொல்லுங்கள் அக்கா, உங்கள் வீட்டில் பேட்டரி இன்வெர்ட்டர் எவ்வளவு பெரிசு? பிரிண்டருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்காதீர்கள். லேசர் தூளை உருக்கித்தான் காகிதத்தில் ஒட்டுகிறது. உள்ளே இருக்கிற ரோலர் 200 டிகிரி அளவுக்குச் சூடாக வேண்டும். அந்தச் சூடேறும் நேரத்தில் சின்ன லேசர்கூட பல நூறு வாட் இழுக்கும். லைட்டும் ஃபேனும் ஓடுகிற இன்வெர்ட்டர் அங்கேயே கத்த ஆரம்பிக்கும். இங்க் டேங்க், அதாவது தொட்டியில் மை ஊற்றி ஓட்டுகிற வகை, அச்சடிக்கும்போது 12, 15 வாட்தான், ஒரு பல்பு மாதிரி. ஆகையால் உங்களுக்கு இங்க் டேங்க்.

ஆனால் அதற்கும் ஒரு வியாதி உண்டு. வேலை முடிந்ததும் மை தெளிக்கிற ஹெட் வலது ஓரமாகப் போய் ஒரு ரப்பர் மூடியில் உட்காரும், மை காயாமல் இருக்க. பாதி அச்சில் கரண்டு போனால் ஹெட் நடுவழியில் திறந்தபடியே நிற்கும். 'மீ லாபீ!' (கரண்டு வந்தாச்சு!) என்று தெருவே கத்துவதற்குள் எட்டு மணி நேரம் ஆகிவிட்டால், துளைகளில் மை காய்ந்துவிடும். அதனால் பிரிண்டரை நேராக மீட்டர் கரண்டில் போடாமல் இன்வெர்ட்டரில் போடுங்கள். அணைக்கும்போது பிரிண்டரில் இருக்கிற பொத்தானை அமுக்குங்கள், சுவர் சுவிட்சைத் தட்டாதீர்கள். வாரத்துக்கு ஒரு பக்கமாவது நாலு நிறத்திலும் அடித்துவிடுங்கள்.

மாதத்துக்கு நாலு கடிதம்தான் அடிப்பேன். அப்போதும் இங்க் டேங்க்தானா?

வேண்டாம். உங்களுக்குக் கறுப்பு வெள்ளை லேசர். டோனர் தூள் ஆறு மாதம் கிடந்தாலும் காயாது. கரண்டு இருக்கிற நேரத்தில் மொத்தமாக அடித்துக்கொள்ளுங்கள். போட்டோவைக் கடையில் போடுங்கள்.

லேசரில் கிளாஸி பேப்பர் போட்டால் போட்டோ வராதா அண்ணாச்சி?

வரும், உங்கள் பிரிண்டருக்குக் கருமாதி! மை தெளிக்கிற பிரிண்டருக்கான இங்க்ஜெட் போட்டோ பேப்பரின் மேல்பூச்சு சூட்டில் இளகிவிடும். என் கடையில் வேலை பார்த்த பையன் ஒருநாள் அப்படி ஒரு தாளை விட்டான். எண்ணெய் காணாத கல்லில் ஊற்றிய தோசை மாதிரி ரோலரில் சுற்றிக்கொண்டது. சுரண்டியதில் ரோலரும் போச்சு.

எல்லா இங்க் டேங்கும் ஒன்றுதானே? கடைக்காரர் அப்படித்தான் சொல்கிறார். (மோல்மெய்ன் தமிழாசிரியை)

இல்லை டீச்சர். பார்க்க வேண்டியது கறுப்பு மையை. கேனான் ஜி வரிசையில் பலவற்றில் கறுப்பு மட்டும் பிக்மென்ட், காகிதத்தின் மேலேயே உட்காரும், நனைந்தாலும் சட்டென்று கரையாது. எப்சன் எல்3250இல் கறுப்பும் தண்ணீர் பட்டால் கரைகிற சாய மைதான். போட்டோவுக்குச் சாயம் அழகு, பளபளப்புத் தாளில் நன்றாக இறங்கும். ஆனால் மழைக்காலத்தில் நான் பட்டிருக்கிறேன். அம்மாவின் சான்றிதழ் நகலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு அலுவலகத்துக்குப் போனேன். குடையிலிருந்து நாலு சொட்டுதான். கவுண்டரில் பிரித்தால் அப்பா பெயர் இருந்த இடத்தில் ஊதா நிறத்தில் ஒரு குளம். திரும்பி அனுப்பிவிட்டார்கள்.

நீங்கள் அடிப்பது கேள்வித்தாளும் குறிப்பும். பிக்மென்ட் கறுப்பு உள்ளதையே எடுங்கள். போட்டோவே உயிர் என்கிறவர்களுக்கு ஆறு நிற எப்சன் எல்8050. முகத்தில் நிழல் விழுகிற இடம் புள்ளி தெரியாமல் மழமழவென்று வரும்.

இன்னொன்று: மே தொடங்கி அக்டோபர் வரை தாளை ட்ரேயில் விட்டுவைக்காதீர்கள். ஈரம் குடித்து வளைந்து, இரண்டு இரண்டாக இழுக்கும். பிளாஸ்டிக் உறையில் கட்டி வையுங்கள்.

வைபரில் வந்த தீமிதிப் படத்தை அடித்தால் மங்கலாக வருகிறது. பிரிண்டர் கோளாறா?

படம் வந்த வழி கோளாறு. 4க்கு 6 அங்குலத் தாளுக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 1200க்கு 1800 பிக்சல் வேண்டும். வைபர் அனுப்பும்போதே படத்தைச் சுருக்கிவிடுகிறது. எடுத்தவரிடம் ஃபைலாக அனுப்பச் சொல்லுங்கள்.

கோயில் நோட்டீஸைக் கடையில் கொடுத்தால் தமிழும் பர்மியமும் கண்டபடி சிதைந்து வருகிறது. (பகோ தம்பி)

பர்மியத்தை ஜோஜி என்கிற பழைய எழுத்துருவில் அடித்திருப்பாய். 2019 அக்டோபரில் நாடே யூனிகோடுக்கு மாறியாகிவிட்டது தம்பி. தமிழ் பாமினி எழுத்தும் அதே கதைதான். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்தாகத்தான் விழும். வீட்டிலேயே பிடிஎஃப் ஆக்கிக் கொடு.

இந்தியா விசாவுக்கு வீட்டிலேயே படம் அடிக்கலாமா? ஒரு தாளில் எத்தனை வரும்?

2க்கு 2 அங்குலம், வெள்ளைப் பின்னணி. 4க்கு 6 தாளில் கணக்குப்படி ஆறு வர வேண்டும். ஆனால் ஆறு வைத்து ஓரமில்லாமல் அடித்தால், வெள்ளை ஓரம் தெரியாதிருக்க பிரிண்டர் படத்தைக் கொஞ்சம் பெரிசாக்கிவிடும்; அளவு தப்பும். நாலு வைத்து, ஓரம் விட்டு, நூறு சதவீத அளவில் அடியுங்கள். வெட்டும் முன் ஸ்கேல் வைத்துப் பாருங்கள். மை தொட்டால் ஒட்டாமல் இருந்தாலும் பத்து நிமிஷம் ஃபேனடியில் வைத்துவிட்டு அப்புறம் கத்தரியை எடுங்கள்.