கீரையும் தயிரும் சேர்ந்தால் ஆகாதா?

கேள்வி: வரும் மே மாதம் மகனுக்குப் பத்தாவது பிறந்தநாள். மாலையில் வீட்டிலேயே இருபது பேருக்குச் சின்ன விருந்து வைக்கிறோம். சிப்ஸ், கேரட் துண்டுகளைத் தொட்டுச் சாப்பிட, பாலக்கீரையில் கிரீமியாக ‘டிப்’ செய்ய ஆசை. நான் பார்த்த செய்முறைகளில் மயோனைஸும் பாக்கெட் சூப் பவுடரும் சேர்க்கிறார்கள். கெட்டித் தயிரில் செய்கிறேன் என்றால், “கீரையும் தயிரும் சேர்ப்பாங்களா? அதுவும் பொழுது சாஞ்ச பிறகு?” என்கிறார் மாமியார். மாமனாருக்கு இதய வால்வு மாற்றியிருக்கிறார்கள். ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் மாத்திரை எடுக்கிறார். கணவருக்குப் போன வருடம் சிறுநீரகக் கல் வந்து போனது. இந்த டிப்பை எல்லோரும் சாப்பிடலாமா? முதல் நாளே செய்து வைக்கலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: தாராளமாகச் செய்யுங்கள், தயிரிலேயே செய்யுங்கள்.

கீரையும் தயிரும் சேர்ந்தால் உடம்புக்கு ஆகாது என்பதற்கு நவீன மருத்துவத்தில் ஆதாரம் இல்லை. வடக்கே பாலக் ராய்தா அன்றாடச் சாப்பாடு. இரவில் கீரை கூடாது என்ற வழக்கம், ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்தில் மதியம் கடைந்த கீரையை இரவு வரை வைத்துச் சாப்பிடாமல் இருக்கச் சொன்னதாக இருக்கலாம் என்பது என் எண்ணம். ராத்திரி கீரை சாப்பிட்டால் சிலருக்கு வயிறு உப்புசம் வருவது உண்டு. மாலை ஆறு மணிக்கு இரண்டு ஸ்பூன் டிப் அந்த அளவுக்கெல்லாம் போகாது.

உங்கள் கணவர் விஷயத்தில் இந்தச் சேர்க்கை நல்லதும்கூட. சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட் கற்கள். ஆக்சலேட் என்ற இயற்கை வேதிப்பொருள் மிக அதிகமுள்ள கீரைகளில் பாலக்கும் ஒன்று. தயிரிலும் பனீரிலும் உள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்துக்கொள்ளும். அது ரத்தத்துக்குள் போகாமல் மலத்தோடு வெளியேறிவிடும். கல் வந்தவர் பால், தயிரை நிறுத்த வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள், அது தேவையில்லை. இன்னொன்று, கீரையை நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். ‘சத்து போய்விடுமே’ என்று நம் வீடுகளில் தயங்குவார்கள். நீரில் கரையும் ஆக்சலேட்டில் கணிசமான பங்கு அந்தத் தண்ணீரோடுதான் போகிறது, போகட்டும். அவர் இரண்டு ஸ்பூன் சாப்பிட்டு, வழக்கம்போல நிறையத் தண்ணீர் குடித்தால் போதும்.

மாமனாருக்கு வருகிறேன். பாலக்கில் வைட்டமின் கே மிக அதிகம். 100 கிராம் பச்சைக் கீரையில் 480 மைக்ரோகிராம் அளவுக்கு இருக்கிறது. அசிட்ரோம், வார்ஃபரின் மாத்திரைகள் இந்த வைட்டமினின் வேலையைத் தடுத்துத்தான் ரத்தம் உறைவதைக் குறைக்கின்றன. அதற்காகக் கீரையைத் தொடவே கூடாது என்பதில்லை. வாரா வாரம் சாப்பிடும் அளவு ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆறு மாதம் கீரையே இல்லாமல் இருந்துவிட்டு ஒரே நாளில் கிண்ணம் நிறையச் சாப்பிடுவதுதான் ஆபத்து. அரை கிலோ கீரையை இருபது பேர் பகிர்ந்தால் ஒருவர் பங்கில் 120 மைக்ரோகிராம் வரும். பெரியவர்களுக்கு ஏறக்குறைய ஒரு நாள் தேவை அது. வழக்கமாகக் கீரை சாப்பிடுபவராக இருந்தால், அன்றைய கீரைக்குப் பதிலாக ஒரு பங்கு சாப்பிடலாம். கீரையை ஒதுக்கியே பழகியவர் என்றால், அதே தயிர்க் கலவையில் துருவிய வெள்ளரிக்காய் போட்டு அவருக்குத் தனிக் கிண்ணம் வைத்துவிடுங்கள். மாத்திரையை மட்டும் அன்றைக்கும் விடக் கூடாது. சொல்லப்போனால், கீரையைக் கண்டு பயப்படுகிறவர்கள் கடையில் தாங்களே வாங்கிப் போடும் வலி மாத்திரைக்கும் ஆன்டிபயாடிக்குக்கும் பயப்படுவதில்லை. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவை அவையும் புரட்டிப்போடலாம், ரத்தக்கசிவிலும் கொண்டுவிடலாம்.

உங்கள் வீட்டில் யாரும் கேட்காத கேள்வி மயோனைஸ் பற்றியது. என் கவலை அங்கேதான். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸில் சால்மொனெல்லா கிருமி இருக்க வாய்ப்புண்டு. அதனால்தான் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்கு அதன் தயாரிப்புக்கும் விற்பனைக்கும் தடை போட்டது. வீட்டு முட்டை என்பதற்காகக் கிருமி விலகி நிற்காது. நீங்களே மிக்ஸியில் அடித்தாலும் அதே கதைதான். முட்டை சேர்க்காத பாக்கெட் மயோனைஸில் அந்த பயம் இல்லை, எண்ணெய்தான் அதிகம். சூப் பவுடரும் வேண்டாம். அதில் ருசி தருவது பெரும்பாலும் உப்புதான். வரும் இருபது பேரில் பிரஷர் உள்ளவர்கள் நிச்சயம் இருப்பார்கள்.

இனி செய்முறை. தண்டு நீக்கிய இலை அரை கிலோ வேண்டும். அகலப் பாத்திரத்தில் தண்ணீர் விட்டு அலசி, கீரையைக் கையால் அள்ளி எடுங்கள். அப்படியே சாய்த்துக் கொட்டினால் அடியில் தங்கிய மண் மறுபடி இலை மேல் விழும். மூன்று நான்கு முறை அலச வேண்டியிருக்கும். கொதிக்கும் தண்ணீரில் மூன்று நான்கு நிமிடம், மூடாமல். வடிகட்டி, குடிக்கும் குளிர்ந்த தண்ணீரில் போட்டு எடுத்து, துவைத்த வெள்ளைத் துணியில் கட்டி ஒட்டப் பிழியுங்கள். அடுப்படி துடைக்கும் துணி கூடாது. விரலில் வெட்டுக்காயம் இருந்தால் பிழியும் வேலையை வேறு யாரிடமாவது கொடுங்கள். புண்ணில் இருக்கும் ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமி உணவில் பெருகி வெளியிடும் நஞ்சு, பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் போகாது.

அவ்வளவு கீரையும் ஒரு ஆரஞ்சுப் பழ அளவு உருண்டையாகிவிடும். அதைக் கத்தியால் பொடியாக நறுக்குங்கள். மிக்ஸியில் போட்டால் பச்சைச் சட்னிதான் கிடைக்கும். ஒரு டீஸ்பூன் வெண்ணெயில் நான்கைந்து பல் பூண்டைப் பச்சை வாசனை போக வதக்கி, கீரையைச் சேர்த்து ஈரம் வற்றும் வரை கிளறி, முழுதாக ஆறவிடுங்கள். ஒரு லிட்டர் தயிரைத் துணியில் கட்டி, வடிகட்டியில் வைத்து, ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜுக்குள் வடிய விடுங்கள். குழாயில் தொங்கவிட்டால் மே மாதத்தில் காலைக்குள் புளித்துவிடும். வடிந்த நீரில் சப்பாத்தி மாவு பிசையலாம். நூறு கிராம் பனீரை அந்த நீர் கொஞ்சம் விட்டு மைய அரைத்து, தயிரோடும் கீரையோடும் கலந்தால் கிரீம் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. மிளகுத்தூள், அரை டீஸ்பூன் உப்பு. எலுமிச்சை பிழிவதானால் பரிமாறும் நேரத்தில். முன்னாலேயே பிழிந்தால் பச்சை மங்கிவிடும்.

முதல் நாள் மாலையே செய்து மூடி ஃப்ரிட்ஜில் வைக்கலாம், பூண்டு வாசனை நன்றாக இறங்கும். மேஜைக்குக் கொண்டுவந்த பிறகுதான் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். இதுபோன்ற உணவு வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 32 டிகிரியைத் தாண்டிய வெயிலில் ஒரு மணி நேரம்தான். திருச்சி மே மாதம் எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் ஒரே பெரிய கிண்ணமாக வைக்காமல் மூன்று நான்கு சிறு கிண்ணங்களாக்கி, ஒன்று தீர்ந்ததும் அடுத்ததை எடுங்கள். பழையதன் மேலேயே புதியதை நிரப்பாதீர்கள். கடித்த சிப்ஸை மறுபடி முக்குவதைப் பத்து வயதுப் பிள்ளைகளிடம் தடுக்க முடியாது. ஆளுக்கு ஒரு காகிதக் கப்பில் ஒரு ஸ்பூன் போட்டுக் கொடுத்துவிட்டால் வம்பில்லை. சர்க்கரை உள்ளவர்களுக்கு சிப்ஸுக்குப் பதில் கேரட், வெள்ளரி.

மேஜையில் மிஞ்சியது குப்பைக்கு. ஃப்ரிட்ஜை விட்டு வெளியே வராத கிண்ணத்தை மறுநாள் சப்பாத்திக்குத் தொட்டுக்கொள்ளலாம்.