பாட்டு கற்றுக்கொடுத்தே பிழைக்க முடியுமா?

அன்புள்ள ஐயா,

பிளஸ் டூ முடிக்கப்போகும் மகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். கச்சேரி வாய்ப்பு கிடைக்குமா என்ற கவலையை முதலில் விடுங்கள். அவள் டிசம்பர் சீசன் மேடையைக் கேட்கவில்லை. பள்ளி, முதியோர் இல்லம், சிறப்புக் குழந்தைகள் மையம் என்று போய்ப் பாடவும் பாடவைக்கவும் ஆசைப்படுகிறாள். இதைச் செய்தே சென்னையில் குடும்பம் நடத்த முடியும். ஆனால் ஒரே இடத்துச் சம்பளத்தை நம்பி முடியாது.

அதிகாலையில் அமெரிக்கக் குழந்தைகளுக்கு இணையவழி வகுப்பு. அங்கே அது முந்தைய நாள் மாலை. பகலில் பள்ளி, மாலையில் வீட்டு வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை குடியிருப்புப் பாட்டுக்குழு. வரவு இப்படித்தான் சேரும். பீரியட் கணக்கில் பணம் தரும் பள்ளியில் மே மாதம் வரவே இருக்காது. கோடை முகாம்கள் ஓரளவு ஈடுகட்டும். மீதிக்கு ஜூன் முதலே சேமிக்க வேண்டும். மருத்துவக் காப்பீட்டை அவளே எடுத்துக்கொள்ள வேண்டும். தொண்டை கட்டினால் வருமானமும் நின்றுவிடும் என்பதால், பெரிய வகுப்புகளில் மைக் இல்லாமல் கத்திப் பாடக் கூடாது.

இனி முக்கியமான விஷயம். நன்றாகப் பாடுகிறவர்கள் எல்லோராலும் பிறரைப் பாடவைக்க முடியாது. பாட்டுக்கு ஆதாரமான சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். ஆண்கள் பெரும்பாலும் ஒரு கட்டையை ஒட்டியும் பெண்கள் ஐந்து கட்டையை ஒட்டியும் பாடிப் பழகியிருப்பார்கள். இருபது பேரைச் சேர்த்து உட்காரவைத்தால் யாருடைய சுருதியில் தொடங்குவது? மேல் ஸ்தாயியில், அதாவது உச்சக் குரலில், அதிகம் சஞ்சரிக்காத பாட்டாகப் பார்த்து, எல்லோருக்கும் எட்டுகிற சுருதியை அவள்தான் கண்டுபிடிக்க வேண்டும். முதியவர்களுக்கு மூச்சு நீளாது. சிறு அடிகளுள்ள பாட்டு வேண்டும். பாடத் தயங்கும் குழந்தை தாளம் போட வரும். ‘தகதிமி’ என்று தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோலில் தொடங்கலாம். கச்சேரியில் பாடும் வர்ணமும் கீர்த்தனையும் மட்டும் தெரிந்தால் போதாது, தாலாட்டும் நாட்டுப்பாடலும் கைவசம் இருக்க வேண்டும். பல ஆண்டு குருவிடம் கற்றவர்களும் இங்கேதான் திணறுகிறார்கள்.

பட்டம் அவசியம் வாங்கட்டும், பள்ளிகள் கேட்கும். ராணி மேரி கல்லூரியில் இளங்கலை இசை இருக்கிறது. ராஜா அண்ணாமலைபுரத்தில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. மேற்படிப்புக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1932இல் தொடங்கிய இந்திய இசைத் துறை உண்டு.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். “சேவைதானே, பணம் எதற்கு?” என்று கேட்பவர்கள் நிறைய. போக்குவரத்துக்கும் தயாரிப்புக்கும் சேர்த்து அவள் கட்டணம் சொல்லட்டும். தொகையையும் தேதியையும் எழுத்தில் வாங்கட்டும். இலவசமாகச் செய்ய விரும்பினால் எந்த இடத்தில் என்பதை அவளே தேர்ந்தெடுக்கட்டும்.

தேர்வு முடிந்ததும் வீட்டுக்கு அருகிலுள்ள முதியோர் இல்லத்தில் வாரம் ஒரு மணி நேரம் பாட்டு வகுப்பு நடத்திப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்களும் ஒரு நாள் போய் உட்காருங்கள். கல்லூரி விண்ணப்பத்தைப் பற்றி அதன்பின் மூவரும் பேசுவோம்.