கவுண்ட்டரில் சிரிப்பு, வீட்டில் வெடிப்பு

கேள்வி: வங்கி கவுண்ட்டரில் வேலை பார்க்கிறேன். வாடிக்கையாளர் எவ்வளவு கத்தினாலும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தே பேசுவேன். வீட்டுக்கு வந்ததும், டிபன் பாக்ஸைக் கழுவப் போடவில்லை என்று மகள்மேல் எரிந்து விழுகிறேன். கோபத்தை அடக்காதே, கொட்டிவிடு என்கிறாள் தோழி. அப்படியே செய்யட்டுமா?
- பெயர் வேண்டாம், கும்பகோணம்

பதில்: மகளிடம் கொட்டிக்கொண்டுதானே இருக்கிறீர்கள்? அதில் கோபம் தீர்ந்திருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. 2002இல் பிராட் புஷ்மன் என்ற உளவியலாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். எரிச்சலூட்டிய ஆளை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தியவர்கள், சும்மா உட்கார்ந்திருந்தவர்களைவிட அதிகக் கோபத்தில்தான் இருந்தார்கள். உங்கள் தோழி சொல்வது பிரபலமான யோசனை, அவ்வளவுதான்.

அதற்காக அடக்குவது சரி என்றும் ஆகாது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் கிராஸ் 1998இல் வெளியிட்ட ஆய்வில், கையைத் துண்டிக்கும் அறுவைசிகிச்சைப் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். ஒரு குழு முகத்தில் எதையும் காட்டக் கூடாது. இன்னொரு குழு, உணர்ச்சிவசப்படாமல் விலகி நின்று, சிகிச்சையின் நுட்பத்தை மட்டும் கவனித்துப் பார்க்க வேண்டும். முதல் குழுவின் முகத்தில் அருவருப்பு அதிகம் தெரியவில்லை. ஆனால் உள்ளே அருவருப்பு குறையவேயில்லை, உடலின் பதற்றம் கூடவே செய்தது. இரண்டாம் குழுவுக்கோ அருவருப்பே குறைந்தது.

நீங்கள் நாள் முழுக்க முதல் குழுவில் இருக்கிறீர்கள். கோபம் முழுசாக வந்தபிறகு முகத்தை மட்டும் பிடித்து நிறுத்துகிறீர்கள். அதற்குக் கொஞ்சம் முன்னால் போக வேண்டும். பென்ஷன் ஏறவில்லை என்று கத்தும் பெரியவரைப் பார்த்ததும், ‘இவர் திட்டுவது என்னையல்ல, மாத்திரை வாங்கக் காசில்லாத பதற்றம் பேசுகிறது’ என்று நினைத்துப் பாருங்கள். முதல் வாரம் செயற்கையாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

வீட்டிலும் சிரித்துச் சமாளிக்க வேண்டாம். உணர்ச்சியை மறைத்துப் பேசுகிறவரோடு உரையாடும் எதிராளிக்கு ரத்த அழுத்தம் ஏறுகிறது என்று 2003இல் உளவியலாளர் எமிலி பட்லர் குழுவினர் கண்டிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு நம் நடிப்பு எப்படியும் தெரிந்துவிடும். “இன்னிக்கு பேங்க்ல ரொம்பப் படுத்திட்டாங்கடி, ஒரு காபி குடிச்சுட்டு வரேன்” என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஒன்று மட்டும். எல்லாரும் அந்தப் பென்ஷன் பெரியவர் இல்லை. வேண்டுமென்றே மரியாதை இல்லாமல் பேசுகிறவருக்கு நீங்கள் நல்ல அர்த்தம் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. எழுந்து போய் மேனேஜரைக் கூப்பிடுங்கள்.