பழைய ஃபோர்டு மாடல் ஏ காரில் எஞ்சின் எண்ணும் உரிமைப் பத்திர எண்ணும் ஏன் ஒத்துப்போவதில்லை?

உரிமைப் பத்திரம் என்பது, இந்தக் கார் இன்னாருடையது என்று அமெரிக்க மாநில அரசு தரும் சான்று. அதில் காரை அடையாளம் காட்டுவது ஓர் எண். இன்றைய 17 இலக்க முறை 1981 மாடல்களிலிருந்துதான் வந்தது. 1928 முதல் 1931 வரையிலான மாடல் ஆண்டுகளில் வந்த மாடல் ஏ-யில் எஞ்சினில் பொறித்த எண்ணே காரின் எண். பின்னாளில் வேறு எஞ்சின் பொருத்தியிருந்தால், வீட்டு எண்ணைக் கதவில் எழுதிவிட்டுக் கதவையே மாற்றிய கதைதான்.

நல்லவேளையாக, தொழிற்சாலையில் அதே எண்ணைச் சேசிஸின், அதாவது காரைத் தாங்கும் அடிச்சட்டகத்தின், இடப்பக்கச் சட்டத்தின் மேற்புறத்திலும் பொறித்தார்கள். ஆனால் அது பாடிக்கு அடியில் மறைந்திருக்கிறது; பாடியைத் தூக்கினால்தான் பெரும்பாலும் படிக்க முடியும். சலிப்பான வேலை, ஆனாலும் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். அது பத்திரத்தோடு பொருந்தினால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. பொருந்தாவிட்டால், அதிகாரிகள் காரைச் சோதித்த பின் மாநிலமே புதிய எண் வழங்கக்கூடும். பத்திரமே இல்லையென்றால், பல மாநிலங்களில் பிணை கொடுத்து உரிமை பெறலாம். உண்மையான உரிமையாளர் வந்தால் இழப்பீடு அந்தப் பிணையிலிருந்து போகும்.

எண் பொருந்தவில்லை என்பதாலேயே அது திருட்டுக் கார் ஆகிவிடாது. பத்திரத்துக்கு ஏற்ப எண்ணை நீங்களே பொறித்துக்கொள்வதுதான் உங்களைக் குற்ற வழக்கில் கொண்டுபோய் நிறுத்தும்.