சோற்றோடு கட்டன் சாயா, ஏறாத ஹீமோகுளோபின்

கேள்வி: எனக்கு 38 வயது. கம்பத்துக்குப் பக்கத்துக் கிராமம். கம்பம்மெட்டு வழியாக ஜீப்பில் வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறேன். நான்கு மாதத்துக்கு முன் ஹீமோகுளோபின் 9.1 என்றார்கள். இரும்பு மாத்திரை வயிற்றைப் புரட்டியது, மலம் கறுத்தது. பயந்து நிறுத்திவிட்டேன். அதற்குப் பதில் தினமும் பீட்ரூட், பேரீச்சை, பன்னீர் திராட்சை சாப்பிட்டேன். இப்போது 9.3. மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறது. காலை ஒன்பது மணிக்கும் மதியமும் தூக்குவாளிச் சோற்றோடு கட்டன் சாயா (பால் சேர்க்காத டீ) குடிப்பது வழக்கம். வேறு என்ன சாப்பிட்டால் ரத்தம் ஊறும்? 14 வயது மகளுக்கும் இதே சாப்பாடுதான். அவளையும் சோதிக்க வேண்டுமா?

பதில்: வழக்கம் என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்களே, அந்தக் கட்டன் சாயாவைத்தான் நான் முதலில் பிடித்துக்கொள்வேன்.

சோறு, பருப்பு, கீரை, பயறு ஆகியவற்றில் இருக்கும் இரும்பு உடம்பில் எளிதில் ஒட்டாத வகை. பெரும்பாலும் பத்தில் ஒரு பங்குகூடக் குடலில் உறிஞ்சப்படுவதில்லை. தேயிலையில் உள்ள டானின் அதையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. சாப்பாட்டோடு டீ குடித்தால், சேரவேண்டிய கொஞ்ச இரும்பிலும் பாதிக்கு மேல் வீணாகிவிடும். எலுமிச்சை பிழிந்தாலும் டானின் போய்விடாது. சாயாவை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. சாரலில் நனைந்துகொண்டு காய் எடுப்பவரிடம் அப்படிச் சொல்வது அநியாயம். நேரத்தை மட்டும் மாற்றுங்கள். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது டீ, காபி வேண்டாம் என்றுதான் ஐ.சி.எம்.ஆர். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டியும் சொல்கிறது. ஒன்பது மணிக்குச் சாப்பிட்டால் பத்தரைக்குச் சாயா. கூட வேலை செய்பவர்கள் குடிக்கும்போது நீங்கள் மட்டும் சும்மா இருப்பது சங்கடம்தான். எல்லோருமாகச் சேர்ந்து நேரத்தை மாற்றிக்கொள்ள முடிந்தால் நல்லது, ஏனென்றால் அந்த ஜீப்பில் வரும் பாதிப் பெண்களுக்காவது இதே சிக்கல் இருக்கும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் ரத்தசோகை உள்ளவர்கள் தமிழ்நாட்டில் 53.4 சதவீதம். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 36.3.

சாயா காலி செய்த இடத்தில் நெல்லிக்காய் வரட்டும். பச்சையாக ஒன்று, அல்லது அரைக் கொய்யா, சோற்றோடு சேர்த்தே. இவற்றில் உள்ள வைட்டமின் சி அதே வேளைச் சாப்பாட்டில் இருந்தால்தான் தாவர இரும்பைக் கரைத்து உள்ளே அனுப்பும். காலையில் சோறும் மாலையில் நெல்லிக்காயும் என்றால் இந்தப் பயன் கிடைக்காது. ஊறுகாயையும் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இனி நீங்கள் நான்கு மாதம் செலவழித்த பழங்களுக்கு வருகிறேன். 9.1-க்கும் 9.3-க்கும் உள்ள வித்தியாசத்தை ஏற்றம் என்றே சொல்ல முடியாது, ஒரே ரத்தத்தை இரண்டு முறை சோதித்தாலும் அவ்வளவு மாறும். ரத்தச் சிவப்பாக இருப்பதாலேயே பீட்ரூட்டுக்கு இந்தப் பெயர் வந்துவிட்டது. நூறு கிராம் பீட்ரூட்டில் ஒரு மில்லிகிராம் இரும்புகூடக் கிடையாது. உங்கள் வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு வேண்டியதோ 29 மில்லிகிராம். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, எனக்கும் அதன் மணத்தின் மேல் தனிப் பிரியம் உண்டு. ஆனால் இரும்பு விஷயத்தில் அது சொற்பம். பேரீச்சை தின்னலாம், கெடுதல் இல்லை. அதை நம்பி மாத்திரையை நிறுத்தியதுதான் கெடுதல்.

நீங்கள் அசைவம் சாப்பிடுபவரா என்று எழுதவில்லை. சாப்பிடுபவர் என்றால் உங்கள் வேலை பாதி சுலபம். மீன், இறைச்சியில் உள்ள இரும்பு நேராக உறிஞ்சப்படும். அதோடு, அதே தட்டில் உள்ள கீரை, பருப்பின் இரும்பையும் கூட்டிக்கொண்டு போகும். இடுக்கிக்காரர்கள் கப்பையோடு (மரவள்ளிக்கிழங்கு) மத்தி மீன் குழம்பு வைத்துக்கொள்வதைத் தினமும் பார்த்திருப்பீர்கள். கப்பை மட்டும் என்றால் வெறும் மாவுச்சத்து. மத்தி சேர்ந்ததும் புரதம், இரும்பு, வைட்டமின் பி12 எல்லாம் ஒரே தட்டில் வந்துவிடுகின்றன. நம் பக்கத்தில் ரத்தம் இல்லாதவர்களுக்குச் சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல், வாங்கிக் கொடுப்பார்களே, அது சரியான கைவைத்தியம். அதில் ஈரலைவிடவும் இரும்பு அதிகம். வாரம் ஒரு நாள், நன்றாக வேகவைத்து. கர்ப்பமாக இருப்பவர்கள் மட்டும் ஈரலைத் தவிர்ப்பது நல்லது, அதில் வைட்டமின் ஏ மிக அதிகம்.

சைவம் என்றால் தட்டையே கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கும். உங்கள் தூக்குவாளியில் முக்கால்வாசி சோறும் மேலே கொஞ்சம் ரசமும்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். தானியத்திலிருந்து வரும் சக்தி நாள் மொத்தத்தில் 45 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்பது அதே ஐ.சி.எம்.ஆர். வழிகாட்டியின் கணக்கு. மலை ஏறி உழைப்பவர் சோற்றைச் சட்டென்று பாதியாக்க முடியாது, எனவே ஒரு கரண்டி சோற்றைக் குறைத்து ஒரு கரண்டி சுண்டலோ தட்டைப்பயறோ வையுங்கள். ஹீமோகுளோபினில் இரும்பு மட்டுமல்ல, குளோபின் என்ற புரதமும் உண்டு. அது குறைந்தால் இரும்பை மட்டும் கொட்டிப் பயனில்லை. பயறை முளைகட்டினால், இரும்பைத் தடுக்கும் பைட்டேட் குறையும். மாவைப் புளிக்க வைத்துச் சுடும் இட்லி, தோசையிலும் அப்படியே. கம்பங்கூழ், முருங்கைக்கீரை நல்லவைதான். முருங்கைக்கீரையில் நூறு கிராமுக்கு நான்கைந்து மில்லிகிராம் இரும்பு உண்டு. அதற்கு மேல் சொல்லப்படும் பெரிய எண்கள் உலர்ந்த பொடிக்கானவை. புளிக்குழம்பை இரும்புச் சட்டியில் வைத்தால் சட்டியிலிருந்தும் கொஞ்சம் இரும்பு இறங்கும்.

இவ்வளவு சொன்ன பிறகும், 9.3-ஐச் சாப்பாடு மட்டும் இயல்பான 12-க்கு ஏற்றிவிடாது. உங்கள் நிலை மிதமான ரத்தசோகை. இதற்கு மாத்திரை வேண்டும். மலம் கறுப்பது உறிஞ்சப்படாமல் மிஞ்சிய இரும்பினால், அதில் பயப்பட ஒன்றும் இல்லை. மாத்திரை போடாத நாட்களிலும் தார் போலக் கறுத்து வந்தால் மட்டும் உடனே காட்டுங்கள். புரட்டலுக்கு வழி உண்டு. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் போட்டுப் பாருங்கள். பால், டீ, கால்சியம் மாத்திரை, நெஞ்செரிச்சல் மருந்து இவற்றோடு சேர்க்க வேண்டாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடலாமா என்றும் மருத்துவரிடம் கேளுங்கள், அப்படிப் போடும்போது ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் உறிஞ்சப்படும் அளவு கூடுகிறது. ஹீமோகுளோபின் சரியானதும் நிறுத்திவிடாமல் இன்னும் மூன்று மாதம் போட்டால்தான் உடம்பில் இருப்பு சேரும். டப்பாவைச் சிறு குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். அவர்கள் கை நிறைய எடுத்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

ஓட்டைக் குடத்தில் எவ்வளவு ஊற்றினாலும் நிற்காது என்பதால், ரத்தம் எங்கே போகிறது என்றும் பார்க்க வேண்டும். ஏலத்தோட்டத்து ஈர மண்ணில் வெறுங்காலோடு நடந்தால் கொக்கிப்புழு தோல் வழியே ஏறிக் குடலில் தங்கி ரத்தம் உறிஞ்சும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் (குடற்புழு மாத்திரை) ஒன்று போடுங்கள், தோட்டத்தில் பூட்ஸ் அணியுங்கள். மாதவிடாய் ஏழு நாளைத் தாண்டினாலோ, கட்டி கட்டியாகப் போனாலோ மகளிர் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கர்ப்பப்பைக் கட்டி இருந்தால் பருப்பும் மாத்திரையும் மட்டும் தீர்வாகாது. கை கால் மரத்துப்போனால் பி12 சோதிக்க வேண்டும். மாத்திரையை ஒழுங்காகப் போட்டும் ஒரு மாதத்தில் ஒரு புள்ளிகூட ஏறாவிட்டால் தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாடு உண்டா என்று பார்ப்பார்கள். ஹீமோகுளோபின் 8-க்குக் கீழே இறங்கினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ அடுத்த நாள் வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

மகளைக் கட்டாயம் சோதியுங்கள். வளரும் வயது, மாதவிடாய் தொடங்கும் வயது, தேவை உங்களைவிடச் சற்று அதிகம். அவளுக்கும் 12-க்குக் குறைந்தால் ரத்தசோகைதான். அரசுப் பள்ளியில் படிக்கிறாள் என்றால் வாரம் ஒரு முறை நீல நிற இரும்பு மாத்திரை கொடுப்பார்கள். அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறாளா என்று ஒரு நாள் பையைப் பாருங்கள்.