கே.சி. என்பவர் யார்?

கேள்வி: எனக்குப் பன்னிரண்டு வயதானபோது அப்பா ஒரு .22 ரைஃபிளைக் கையில் கொடுத்துச் சுடக் கற்றுக்கொடுத்தார். அவர் இப்போது இல்லை. துப்பாக்கி முறைப்படி என் பெயருக்கு மாறிவிட்டது. குழலில் ‘ரெமிங்டன் மாடல் 514’ என்று பொறித்திருக்கிறது. வரிசை எண்ணைத் தேடித் தேடி அலுத்துவிட்டேன், எங்குமே இல்லை. யாராவது ராவி அழித்துவிட்டார்களோ என்று பயமாக இருக்கிறது. குழலின் இடப்பக்கம் பொடி எழுத்தில் ஆங்கிலக் ‘கே’யும் ‘சி’யும் மட்டும் உண்டு. தாத்தா போருக்கு முன்பே வாங்கியது என்று அப்பா சொல்வார். தாத்தா பெயரில் கே.யும் இல்லை, சி.யும் இல்லை. அப்படியானால் இந்த கே.சி. யார்? (பெயர் வேண்டாம் என்கிறார் இந்த வாசகி.)

பதில்: கே.சி. ஆள் இல்லை அம்மா, அது ஒரு தேதி. ‘கே’ என்றால் மே மாதம்.

ரெமிங்டன் ஆலை 1921 முதல் குழலில், போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் இரும்புத் தண்டு) உட்காரும் இரும்புக்கூட்டுக்குப் பக்கத்தில், இப்படி எழுத்துகளைக் குத்தி வந்தது. முதல் எழுத்து மாதம், அடுத்தது வருடம். மாதத்துக்கு ஏ, பி, சி என்று வரிசையாகப் போயிருக்கலாம், போகவில்லை. ‘பிளாக் பவுடர்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டார்கள். பழைய கரி வெடிமருந்துக்கு ஆங்கிலத்தில் அதுதான் பெயர். ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள்: பதினொரு எழுத்து, ஒன்றுகூட இரண்டு முறை வராது. கடைசியில் ஓர் எக்ஸைச் சேர்த்தால் பன்னிரண்டு மாதத்துக்கும் ஆயிற்று. ஐந்தாவது எழுத்து ‘கே’. இதை யோசித்தவர் யாரோ தெரியாது, ஆனால் அன்று அவர் நல்ல மனநிலையில் இருந்திருக்க வேண்டும்.

வருடத்தில்தான் ஒரு சிக்கல். எழுத்துகள் தீர்ந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். அதனால் ‘சி’ 1934 ஆகவும் இருக்கலாம், 1956 ஆகவும் இருக்கலாம். இங்கே மாடல் எண் கைகொடுக்கிறது. 514 என்ற ஒற்றைத் தோட்டா ரைஃபிளை அவர்கள் செய்ததே 1948 முதல் 1970 வரைதான். ஆக, உங்கள் குழல் 1956 மே மாதத்தில் முத்திரை வாங்கியது. அது பிறந்த நியூயார்க் மாநிலத்து இலியன் ஆலை 2024-இல் மூடப்பட்டுவிட்டது.

வரிசை எண்ணைப் பற்றிய பயத்தை விடுங்கள். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் செய்த மலிவான .22 ரைஃபிள்கள் பலவற்றுக்கு எண்ணே குத்தவில்லை. எல்லாத் துப்பாக்கிக்கும் எண் கட்டாயம் என்று அங்கே சட்டம் வந்தது 1968-இல். இருந்தாலும் சந்தேகம் தீர ஒன்று செய்யுங்கள். இருட்டறையில் டார்ச்சை இரும்போடு ஒட்டினாற்போலச் சாய்த்துப் பிடித்து, மெல்ல நகர்த்துங்கள். ராவிய இடம் இருந்தால் வெளிச்சம் அங்கே மட்டும் தட்டையாக விழும். சுற்றியுள்ள மெருகும் அந்த இடத்து மெருகும் ஒத்துப்போகாது. அப்படி எதுவும் இல்லையென்றால் நிம்மதியாக இருங்கள். உரிமத் தாளில் ‘எண் இல்லை’ என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அடையாளத்துக்காக நீங்களாக ஓர் எண்ணைக் குத்திவிடாதீர்கள்.

இன்னொரு விஷயம். விஞ்செஸ்டர், மார்லின் போன்ற ஆலைகளின் பழைய பேரேடுகள் அமெரிக்காவில் கோடி என்ற ஊரின் துப்பாக்கி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அந்தப் பேரேட்டுக்குள் அடங்கும் எண்ணைக் கொடுத்தால் துப்பாக்கி எப்போது ஆலையை விட்டுக் கிளம்பியது என்று எழுதித் தருவார்கள். எண்ணே இல்லாத ரெமிங்டனுக்கு அந்த வழி கிடையாது. உங்களுக்கு அந்த இரண்டு எழுத்துதான் பிறப்புச் சான்றிதழ்.

சரி, தாத்தா கதை? அப்பா பொய் சொன்னார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வீட்டில் இதற்கு முன் வேறொரு துப்பாக்கி இருந்திருக்கலாம். அது போய் இது வந்த பிறகு, அதன் கதை மட்டும் இதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டிருக்கும். எனக்கு வரும் கடிதங்களில் பாதி இப்படித்தான். அப்பாவுக்கு மூத்த அக்கா யாராவது இருந்தால், “தாத்தா துப்பாக்கிக்கு வயது என்ன அத்தை?” என்று கேட்காதீர்கள், “தாத்தா துப்பாக்கியை எங்கே மாட்டி வைத்திருப்பார்?” என்று கேளுங்கள். வருடம் மறந்துபோகும், ஆணி அடித்த சுவர் மறக்காது. பழைய படம் கிடைத்தால் போல்ட்டின் வடிவத்தைப் பாருங்கள். இரண்டு துப்பாக்கியா ஒன்றா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: அதே வாசகி: முப்பது வருடமாகச் சுடவில்லை. இப்போது சுடலாமா?

பதில்: முதலில் போல்ட்டைத் திறந்து உள்ளே பாருங்கள், பிறகு சுண்டுவிரலை விட்டும் தடவிப் பாருங்கள். கண் ஏமாறும். தோட்டா இல்லை என்று உறுதியான பிறகும் சும்மா டிரிக்கரை இழுத்து விளையாட வேண்டாம். .22 தோட்டாவின் மருந்து விளிம்பில் இருக்கிறது, அதனால் ஊசி குத்துவதும் விளிம்பில்தான். தோட்டா இல்லாதபோது பல பழைய ரைஃபிள்களில் அந்த ஊசி நேரே தோட்டா அறையின் உதட்டில் இடிக்கும். இடித்து இடித்து ஒரு பள்ளம் விழுந்தால் அப்புறம் தோட்டா உள்ளே போவதும் வெளியே வருவதும் தகராறு. துப்பாக்கி மெக்கானிக் ஒருவர் பார்த்துச் சரி என்ற பிறகு சுடுங்கள், அதுவும் உரிமம் அனுமதிக்கும் இடத்தில்.

கேள்வி: மாமா கொடுத்த பழைய துப்பாக்கியில் கட்டையெல்லாம் கீறல், இரும்பு மங்கலாக இருக்கிறது. பாலிஷ் போட்டுப் புதிதாக்கலாமா?

பதில்: வேண்டாம். வேண்டவே வேண்டாம். இதைச் சொல்ல எனக்கு அருகதை உண்டு, ஏனென்றால் நான் போட்டவன்.

பதினோரு வயதில் என் தாய்மாமா எனக்கு ஒரு பி.எஸ்.ஏ. .22 கொடுத்தார். மூன்று துப்பாக்கிகளை ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்திய அந்த ஆலையின் சின்னம் இரும்பில் அழகாக விழுந்திருக்கும். பதினேழு வயதில் எனக்கு எல்லாம் தெரியும் அல்லவா? உப்புத்தாள் வாங்கி ஒரே நாளில் கட்டை முழுவதையும் தேய்த்து, மேலே வார்னிஷ் அடித்தேன். பள்ளிக்கூட பெஞ்சு மாதிரி பளபளத்தது. மாமா வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. தோளில் பதியும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், அடிப்பக்கம், கட்டைவிரலால் எதையோ தேடினார். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டார். அங்கே ஏழு சின்னக் கத்திக்கீறல்கள் இருந்தன என்பது பல வருடம் கழித்து ஒரு படத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. எதை எண்ணி அவர் கீறினார் என்று கேட்க அப்போது அவர் இல்லை.

ஆகவே, அழுக்கை எடுங்கள், அடையாளத்தை எடுக்காதீர்கள். செந்துரு இருந்தால் நல்ல எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவைத்து, முரட்டுத் துணியால் துடையுங்கள். போகாத இடத்தில் மிக நைசான இரும்புப் பஞ்சை எண்ணெயோடு, அழுத்தாமல். குழலின் கருநீலப் பூச்சும் ஒரு வகையில் துருதான், வேண்டுமென்றே பிடிக்கவைத்த நல்ல துரு. அழுத்தித் தேய்த்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். கட்டைக்கு ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையால் மெல்லத் தடவி, மிச்சத்தைத் துடைத்தால் போதும். தோல் உறையில் போட்டு அலமாரியில் வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். உறை பார்க்க ஜோராக இருக்கும், உள்ளே இரும்பு அரித்துக்கொண்டிருக்கும்.

கேள்வி: எங்கள் வீட்டு .303 ரைஃபிளில் ஒரு கிரீடம், கீழே ‘ஜி.ஆர்.’, ‘பி.எஸ்.ஏ. கோ’, 1917, அப்புறம் ‘மூன்று’ என்ற ரோமன் எண்ணும் ஒரு நட்சத்திரமும். தாத்தாவின் அப்பா முதல் உலகப் போரில் சுமந்த துப்பாக்கி இதுவேதான் என்கிறார்கள். நிரூபிக்க முடியுமா?

பதில்: போல்ட் கைப்பிடிக்குக் கீழே, கட்டை வந்து சேரும் இரும்பில் இதையெல்லாம் படித்திருப்பீர்கள். ஜி.ஆர். என்பது ஐந்தாம் ஜார்ஜ் மன்னர். பி.எஸ்.ஏ. பர்மிங்ஹாம் ஆலை. லீ என்பீல்டின் குட்டை ரைஃபிள், மூன்றாம் மாதிரி 1907-இல் வந்தது. போர் நடுவில் வேகமாகச் செய்ய வேண்டியிருந்ததால் தோட்டாப் பெட்டியை மறைக்கும் தகடு, வெகுதூரம் குறிபார்க்கும் பக்கக் கருவி போன்றவற்றை விட்டுவிட்டார்கள். அந்தச் சிக்கனத்துக்கு அடையாளம்தான் உங்கள் நட்சத்திரம்.

ஆனால் சிப்பாயின் துப்பாக்கி சிப்பாயின் சொத்து அல்ல. படையை விட்டு வரும்போது கிடங்கில் ஒப்படைத்துவிட்டுத்தான் வர வேண்டும். முனையோடு முனை முட்டும் இரண்டு அம்புக்குறிகள் எங்காவது இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அரசாங்கம் விற்றுக் கழித்தது என்று பொருள், அதை யாரும் வாங்கியிருக்கலாம். போல்ட், இரும்புக்கூடு, குழல், முன்மூக்கு, பின்குறி எல்லாவற்றிலும் ஒரே எண்ணா என்றும் பாருங்கள். போல்ட்டில் மட்டும் வேறு எண் என்றால் பிற்காலத்தில் மாற்றியிருக்கிறார்கள். தோட்டா உட்காரும் இடைவெளியை அளந்து பார்க்காமல் அதைச் சுடக்கூடாது. ‘டி.பி.’ என்று குத்தியிருந்தால் அளக்கவும் வேண்டாம். அது அணிவகுப்புப் பயிற்சிக்கென்று ஒதுக்கியது, சுடவே கூடாது.

ஓர் இடம் பாக்கி. கட்டையின் வலப்பக்கம் காசளவில் பித்தளை வட்டம் இருந்தால், அதில் படைப்பிரிவின் சுருக்கெழுத்தும் ஓர் எண்ணும் இருக்கலாம். ஆளின் பெயர் இருக்காது. போர்க்காலத் துப்பாக்கிகள் பலவற்றில் வட்டமே கிடையாது. இருந்து, அந்தச் சுருக்கெழுத்து கொள்ளுத்தாத்தாவைப் படையிலிருந்து விடுவித்த தாளில் உள்ள படைப்பிரிவோடு ஒத்துப்போனால், ‘இதுவேதான்’ என்று சொல்ல முடியாவிட்டாலும் ‘அவர் பிரிவுடையது’ என்று தாராளமாகச் சொல்லலாம். வட்டத்தை உலர்ந்த துணியால் துடைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்புங்கள். பித்தளை பாலிஷை மட்டும் கிட்டக் கொண்டுபோகாதீர்கள்.