தானியங்கி பேக்கப்: அட்டவணை போட்டாயிற்று, ஓடுகிறதா? – கேள்வி பதில்

வீட்டுக் கணினியில் ஃபைல்களைத் தானாகவே பேக்கப் எடுக்க வைப்பது பற்றி வந்த கேள்விகளும் பதில்களும். கட்டளைகளையும் அவற்றோடு சேர்க்கும் விருப்பக் குறிகளான சுவிட்சுகளையும் இங்கே உச்சரிப்பாகத் தந்திருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்.

கேள்வி: சார், விண்டோஸில் தனி மென்பொருள் எதுவும் போடாமலே தானாக பேக்கப் எடுக்க முடியுமா?

முடியும். விண்டோஸ் 8 முதல் ஃபைல் ஹிஸ்டரி கூடவே வருகிறது. விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ் பக்கம் தேடினால் கிடைக்காது. கண்ட்ரோல் பேனலுக்குள் போக வேண்டும். வெளி ஹார்ட் டிஸ்க்கைச் செருகி டர்ன் ஆன் கொடுத்தால் மணிக்கு ஒரு முறை, மாறிய ஃபைல்களை மட்டும் எடுத்து வைக்கும். அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் இதைப் பத்து நிமிடம் முதல் ஒரு நாள் வரை மாற்றலாம். அதே இடத்தில் பழைய பிரதிகளை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்று ஒரு தேர்வு உண்டு. முன்னிருப்பாக 'ஃபாரெவர்' என்றிருக்கும். அப்படியே விட்டால் டிஸ்க் ஒரு நாள் நிரம்பி, பேக்கப் நின்றுவிடும். ஒரு வருடம் என்றோ, இடம் தேவைப்படும் வரை என்றோ மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று: டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்றவற்றைத்தான் இது எடுக்கும். டி டிரைவில் நீங்களாக உருவாக்கிய ஃபோல்டரைத் தொடாது. அந்த ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து 'இன்க்ளூட் இன் லைப்ரரி' கொடுத்தால் அதுவும் சேரும். விண்டோஸையோ மற்ற மென்பொருள்களையோ இது காப்பாற்றாது, உங்கள் ஃபைல்களை மட்டும்தான்.

கேள்வி: விண்டோஸின் நகலெடுக்கும் கட்டளையான ரோபோகாப்பியை ஒரு பேட்ச் ஃபைலில் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஃபைல்) எழுதி, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் போட்டேன். தினமும் 'லாஸ்ட் ரன் ரிசல்ட்' என்ற இடத்தில் 0எக்ஸ்1 என்று காட்டுகிறது. தோல்வியா?

பெரும்பாலும் தோல்வி இல்லை. ரோபோகாப்பி மற்ற நிரல்களைப் போல் 'சுழியம் என்றால் நலம், மற்றதெல்லாம் பிழை' என்ற கணக்கில் நடப்பதில்லை. 0 என்றால் நகலெடுக்க எதுவும் இருக்கவில்லை. 1 என்றால் ஃபைல்கள் நகலாயின. 2 என்றால் மூலத்தில் இல்லாத ஃபைல் ஏதோ பேக்கப் பக்கம் இருக்கிறது. 3 என்றால் இந்த இரண்டும் சேர்ந்தது. 8 அல்லது அதற்கு மேல் வந்தால்தான் ஏதாவது ஒரு ஃபைலாவது நகலாகவில்லை என்று பொருள்; 16 என்றால் வேலையே நடக்கவில்லை.

ஷெட்யூலருக்கு இந்த நுணுக்கம் தெரியாது. எனவே ரோபோகாப்பி வரிக்கு அடுத்த வரியில் 'இஃப் எரர்லெவல் 8 எக்ஸிட் 1' என்றும், அதற்கடுத்த வரியில் 'எக்ஸிட் 0' என்றும் எழுதிவிடுங்கள். அப்புறம் 0எக்ஸ்1 வந்தால் உண்மையிலேயே கவனிக்க வேண்டிய பிழை. இடையில் 0எக்ஸ்41301 வந்தால் பயப்பட வேண்டாம், டாஸ்க் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

கேள்வி: எனக்கு அந்த 0எக்ஸ்41301-தான் இரண்டு நாளாக வருகிறது. ஓடி முடியவே மாட்டேன் என்கிறது.

ஏதோ ஒரு ஃபைல் பூட்டிக் கிடக்கிறது. அவுட்லுக் திறந்திருந்தால் அதன் பிஎஸ்டி ஃபைல், ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் கணினியின் டிஸ்க் ஃபைல், கணக்கு மென்பொருளின் தரவு ஃபைல் ஆகியவைதான் வழக்கமான குற்றவாளிகள். ஒரு ஃபைலைத் திறக்க முடியாவிட்டால் ரோபோகாப்பி முன்னிருப்பாகப் பத்து லட்சம் முறை முயலும், ஒவ்வொரு முறைக்கும் நடுவில் 30 வினாடி காத்திருக்கும். பெருக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 347 நாள்! மூன்று நாளுக்கு மேல் ஓடினால் டாஸ்க் ஷெட்யூலர் தானே நிறுத்திவிடும் என்பதால் அவ்வளவு தூரம் போகாது. ஆனால் அந்த மூன்று நாளும் புதிய ஓட்டம் தொடங்காது, ஏற்கெனவே ஒன்று ஓடுகிறதே. வரிசையில் அந்த ஃபைலுக்குப் பின்னால் இருப்பவை ஒன்றும் நகலாகியிருக்காது.

தீர்வு எளிது. ரோபோகாப்பி வரியில் ஆர் சுவிட்சுக்கு 2, டபிள்யூ சுவிட்சுக்கு 5 கொடுங்கள்: இரண்டே முயற்சி, ஐந்து வினாடி இடைவெளி, பிறகு விட்டுவிட்டு அடுத்த ஃபைலுக்குப் போகும். பூட்டிய ஃபைலும் பேக்கப்பில் வேண்டும் என்றால், அந்த மென்பொருள் மூடியிருக்கும் நேரமாகப் பார்த்து அட்டவணை போடுங்கள். அல்லது திறந்திருக்கும் ஃபைலையும் நகலெடுக்க உதவும் விண்டோஸின் ஷேடோ காப்பி வசதியைப் பயன்படுத்தும் பேக்கப் மென்பொருளுக்கு மாறுங்கள். பயனர் ஃபோல்டர் முழுவதையும் நகலெடுப்பவர்கள் எக்ஸ்ஜே சுவிட்சையும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஆப்டேட்டாவுக்குள் இருக்கும் ஒரு ஜங்ஷன் (வேறு ஃபோல்டருக்கு இட்டுச்செல்லும் இணைப்பு) தன்னையே சுட்டிச் சுட்டி, ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று முடிவில்லாமல் இறங்கிக்கொண்டே போகும்.

கேள்வி: அண்ணா, லேப்டாப்பில் இரவு 9 மணிக்கு டாஸ்க் போட்டிருக்கேன். கையால் 'ரன்' கொடுத்தால் அருமையாக ஓடுது. தானாக மட்டும் ஓடவே மாட்டேங்குது.

நான்கு இடங்களைப் பாருங்கள். முதலில் கண்டிஷன்ஸ் தாவல். அங்கே 'ஏசி மின்சாரத்தில் இருந்தால் மட்டும் தொடங்கு' என்பது முன்னிருப்பாகவே டிக் ஆகியிருக்கும். சார்ஜர் செருகாமல் மடியில் வைத்து வேலை பார்ப்பவருக்கு அந்த டாஸ்க் ஒரு நாளும் ஓடாது. 'பேட்டரிக்கு மாறினால் நிறுத்து' என்ற டிக்கும் பக்கத்திலேயே இருக்கிறது. சார்ஜரைப் பிடுங்கியதும் பாதியில் நிற்பது அதனால்தான்.

அடுத்து செட்டிங்ஸ் தாவலில் 'தவறிய ஓட்டத்தை முடிந்தவரை சீக்கிரம் தொடங்கு' என்பதற்கு டிக் போடுங்கள். இது முன்னிருப்பாக இருக்காது. 9 மணிக்குக் கணினி அணைந்திருந்தால், இந்த டிக் இல்லாத டாஸ்க் அடுத்த நாள் 9 மணி வரை சும்மா உட்கார்ந்திருக்கும். வீட்டுக் கணினிக்கு இந்த ஒரு டிக்கைவிட முக்கியமானது வேறொன்றும் இல்லை என்பேன்.

தூங்கும் கணினியை எழுப்ப வேண்டுமானால் கண்டிஷன்ஸில் 'வேக் த கம்ப்யூட்டர்' மட்டும் போதாது. பவர் ஆப்ஷன்ஸில் ஸ்லீப் என்பதன் கீழ் வேக் டைமர்களையும் அனுமதிக்க வேண்டும். முழுதாக ஷட் டவுன் ஆன கணினியை டாஸ்க் ஷெட்யூலரால் எழுப்ப முடியாது.

கடைசியாக, 'பயனர் லாக் ஆன் ஆகாவிட்டாலும் ஓடு' என்று வைத்திருந்தால், நெட்வொர்க் டிரைவுக்கு நீங்கள் கொடுத்த இசட், ஒய் போன்ற எழுத்துகள் அந்த ஓட்டத்தின் கண்ணில் படாது. இரண்டு பின்சாய்கோட்டில் தொடங்கும் முழு நெட்வொர்க் பாதையைக் கொடுங்கள்.

கேள்வி: ரோபோகாப்பியில் மிர் சுவிட்ச் போட்டு தினமும் பேக்கப் ஓடுகிறது. போன வாரம் ஒரு போட்டோ ஃபோல்டரைத் தவறுதலாக அழித்துவிட்டேன். பேக்கப்பிலும் அது இல்லை! எப்படி?

மிர் என்றால் கண்ணாடி. மூலத்தில் அழிந்தது அடுத்த ஓட்டத்தில் பேக்கப்பிலும் அழியும். நீங்கள் கேட்டதைத்தான் அது செய்தது. முதல் வேலையாக இரண்டு டிஸ்க்கிலும் எழுதுவதை நிறுத்துங்கள், டாஸ்க்கை டிஸேபிள் செய்யுங்கள், பிறகு மீட்பு மென்பொருளை பேக்கப் ஹார்ட் டிஸ்க்கில் ஓட்டிப் பாருங்கள். பழைய வகைச் சுழல் டிஸ்க் என்றால் வாய்ப்பு உண்டு. அழித்த இடத்தை உடனே காலி செய்யும் டிரிம் வேலை செய்யும் எஸ்எஸ்டி என்றால் நம்பிக்கை குறைவு.

இனிமேல் மிர் வேண்டாம். ஈ சுவிட்ச் போடுங்கள், அது சேர்க்கும், அழிக்காது. குப்பை சேருமே என்றால், பதிப்புகளை வைத்திருக்கும் ஃபைல் ஹிஸ்டரி, ரெஸ்டிக், போர்க் போன்றவற்றுக்கு மாறுவதுதான் முறை. அவற்றில் கடந்த வாரத்து நிலைக்குப் போக முடியும்.

மிர்தான் வேண்டும் என்பவர்கள் ஒரு காவலாளியையாவது வைத்துக்கொள்ளுங்கள். மூல ஃபோல்டருக்குள் ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைலைப் போட்டுவிட்டு, பேட்ச் ஃபைலின் தொடக்கத்தில் 'அந்த ஃபைல் இல்லாவிட்டால் வெளியேறு' என்று எழுதுங்கள். மூலப் பாதையே இல்லாவிட்டால் ரோபோகாப்பி பிழை காட்டி நின்றுவிடும், சேதம் இல்லை. ஆனால் டிரைவ் எழுத்து மாறி, அந்தப் பெயரில் ஒரு காலி ஃபோல்டர் இருந்துவிட்டால், அதையே உண்மை என்று நம்பி பேக்கப் முழுவதையும் துடைத்துவிடும். வெளி டிஸ்க்குக்கு டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் எக்ஸ் போன்ற கடைசிப் பக்க எழுத்தை நிலையாகக் கொடுப்பதும் இந்தக் குழப்பத்தைக் குறைக்கும். எதை மாற்றினாலும் முதலில் எல் சுவிட்சுடன் ஒரு முறை ஓட்டுங்கள். அது எதையும் தொடாமல், என்ன செய்யப் போகிறது என்று பட்டியல் மட்டும் போடும்.

கேள்வி: டி டிரைவ் முழுவதையும் பேக்கப் எடுத்தேன். இடம் குறைந்திருக்கிறது, ஆனால் பேக்கப் ஃபோல்டரையே காணோம்.

இருக்கிறது, மறைந்திருக்கிறது. டிரைவின் வேரிலிருந்து நகலெடுத்தால் அதன் ஹிடன், சிஸ்டம் பண்புகளையும் ரோபோகாப்பி கொண்டுபோய் ஃபோல்டருக்குப் பூசிவிடும். 'அட்ரிப்' கட்டளையில் மைனஸ் எச், மைனஸ் எஸ் கொடுத்து நீக்குங்கள்.

கேள்வி: கிளவுடில் எல்லாம் சிங்க் ஆகிறதே. பேக்கப் எதற்கு?

சிங்க்கும் கண்ணாடி வகைதான். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டி 30 நாளில் தானாகக் காலியாகும். அதற்குள் கவனித்தால் உண்டு.

கேள்வி: லினக்ஸில் ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கட்டளையை, நேரப்படி வேலைகளை ஓட்டும் க்ரானில் போட்டேன். ஹோம் பார்ட்டிஷன் நிரம்பிவிட்டதாக எச்சரிக்கை வருகிறது, வெளி டிஸ்க்கிலோ ஒன்றுமே இல்லை.

வெளி டிஸ்க் மவுன்ட் ஆகாத (ஒரு ஃபோல்டரோடு இணையாத) நேரத்தில் ஆர்சிங்க் ஓடியிருக்கிறது. மவுன்ட் ஆகும் இடம் வெறும் ஃபோல்டராக அங்கேயே இருப்பதால், அதற்குள் எழுதித் தள்ளிவிட்டது. எல்லாம் உங்கள் உள் டிஸ்க்கில்தான் கிடக்கிறது. டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அந்த ஃபோல்டருக்குள் போய்ப் பாருங்கள், தெரியும். ஸ்கிரிப்டின் முதல் வரியில் 'மவுன்ட்பாயின்ட்' கட்டளையால் சோதித்து, மவுன்ட் இல்லையென்றால் வெளியேறச் சொல்லுங்கள்.

க்ரானுக்கு வேறு இரண்டு குணங்களும் உண்டு. க்ரான் வரியில் சதவீதக் குறி வந்தால் அதைப் புதிய வரி என்று எடுத்துக்கொள்ளும். தேதி வைத்து ஃபோல்டர் பெயர் அமைப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். எனவே கட்டளையை ஸ்கிரிப்டுக்குள் வைத்து, க்ரானில் ஸ்கிரிப்டை மட்டும் அழையுங்கள். கணினி அணைந்திருந்தால் தவறிய வேலையை க்ரான் திரும்பிப் பார்க்காது. அனாக்ரான் பார்க்கும், பெர்சிஸ்டென்ட் என்பதை ட்ரூ என வைத்த சிஸ்டம்டி டைமரும் பார்க்கும்.

ஆர்சிங்க்கில் மூலப் பாதையின் கடைசிச் சாய்கோடு விஷயத்திலும் கவனம்: இருந்தால் ஃபோல்டரின் உள்ளடக்கம் போகும், இல்லாவிட்டால் ஃபோல்டரே போகும்.

கேள்வி: தமிழில் பெயர் வைத்த ஃபைல்கள் சில மட்டும் பேக்கப்பில் விடுபடுகின்றன. தமிழ்தான் பிரச்சினையா?

தமிழ் பிரச்சினை இல்லை, நீளம்தான். விண்டோஸின் ஃபைல் அமைப்பான என்டிஎஃப்எஸ் ஒரு பெயருக்கு 255 குறியீடுகள் வரை அனுமதிக்கும். லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 அனுமதிப்பது 255 பைட். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் பிடிக்கும் என்பதால் 85 குறியீடுகளோடு கதை முடிந்தது. அதிலும் புள்ளியும் துணைக்கால்களும் தனித்தனிக் குறியீடுகள். 'தமிழ்' என்பது கண்ணுக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து குறியீடு, 15 பைட். இணையப் பக்கத்தைச் சேமிக்கும்போது தலைப்பே நீளமான ஃபைல் பெயராகிவிடுகிறதே, அது லினக்ஸில் ஓடும் நெட்வொர்க் சேமிப்புப் பெட்டிக்குப் போகும்போது இடறும். பெயரைச் சுருக்குவதைத் தவிர வழியில்லை.

பேட்ச் ஃபைலுக்குள்ளேயே தமிழ்ப் பாதை எழுதியிருந்தால் முதல் வரியில் 'சிஎச்சிபி 65001' போடுங்கள், ஃபைலை பிஓஎம் (ஃபைல் தொடக்கத்தில் வரும் மறைகுறி) இல்லாத யூடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள். ரோபோகாப்பியின் லாக் பதிவேட்டில் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாக வந்தால் லாக் சுவிட்சுக்குப் பதில் யூனிலாக் கொடுங்கள்.

பழைய மேக்கிலிருந்து லினக்ஸுக்கு எடுப்பவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல். எச்எஃப்எஸ் பிளஸ் டிஸ்க்கில் 'கொ', 'கோ' போன்றவற்றின் உயிர்க்குறியைக் கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்துத்தான் பெயரைச் சேமிக்கும். லினக்ஸுக்கு அது வேறு பெயர். அதனால் ஒரே ஃபைல் இரண்டு தடவை கிடக்கும். ஆர்சிங்க்கின் ஐகான்வ் சுவிட்ச் இதற்காகவே இருக்கிறது.

கேள்வி: 500 ஜிபி இருக்கிறது. முதல் பேக்கப் எவ்வளவு நேரம் ஆகும்? எவ்வளவு பெரிய டிஸ்க் வாங்கணும்?

யூஎஸ்பி 2.0-இல் நடைமுறை வேகம் நொடிக்கு 30 எம்பி அளவு. நாலரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். யூஎஸ்பி 3-இல் சுழல் டிஸ்க் நொடிக்கு 100 எம்பி கொடுத்தால் ஒன்றரை மணிக்குள் முடியும். குட்டிக் குட்டி ஃபைல்கள் லட்சக்கணக்கில் இருந்தால் இந்தக் கணக்கு எதுவும் நிற்காது, பல மடங்கு ஆகும். கிளவுடுக்கு என்றால் அப்லோட் வேகத்தைப் பாருங்கள். 20 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 2.5 எம்பி, மொத்தம் 55 மணி நேரத்துக்கு மேல். முதல் தடவையை அட்டவணைக்கு விடாமல் கையால் ஓட்டி முடிப்பது நல்லது. பதிப்புகளும் சேரும் என்பதால் டிஸ்க் இரண்டு மடங்காவது இருக்கட்டும். வாங்கியதும் ஃபேட்32 ஃபைல் அமைப்பில் இருந்தால் மாற்றுங்கள், அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல் ஏறாது.

கேள்வி: மேக்கில் டைம் மெஷின் போதுமா?

வெளி டிஸ்க்குக்குப் போதும். கடந்த 24 மணி நேரத்துக்கு மணிவாரியாக, கடந்த ஒரு மாதத்துக்கு நாள்வாரியாக, அதற்கு முன் வாரவாரியாக வைத்திருக்கும். இடம் போதாவிட்டால் பழையதைத் தானே நீக்கும். வென்ச்சுரா முதல் இடைவெளியை மாற்றவும் முடிகிறது.

கேள்வி: பேக்கப் டிஸ்க்கை எப்போதும் செருகியே வைக்கலாமா?

தானாக ஓட வேண்டும் என்றால் செருகியிருக்க வேண்டும். செருகியிருந்தால், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் அதையும் பூட்டிவிடும், மின்னல் அதையும் சேர்த்துத் தாக்கும். இந்த முரணுக்கு இரண்டு டிஸ்க்தான் விடை. ஒன்று செருகியபடி தினமும் வேலை செய்யட்டும். மற்றது அலமாரியில் அல்லது வேறு வீட்டில் இருக்கட்டும், வாரம் ஒரு முறை இடம் மாற்றுங்கள். பிட்லாக்கர் என்ற விண்டோஸ் குறியாக்கம் போட்ட டிஸ்க் என்றால் ஆட்டோ அன்லாக்கை இயக்குங்கள். பூட்டிய டிஸ்க்கில் இரவு டாஸ்க் எழுத முடியாது. 48 இலக்க மீட்புச் சாவியை அதே கணினிக்குள் வைக்காதீர்கள், காகிதத்தில் எழுதி வையுங்கள்.

கேள்வி: எல்லாம் சரியாக ஓடுகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதிவேட்டை மட்டும் நம்ப வேண்டாம். தினமும் நீங்கள் தொடும் ஒரு ஃபைலைத் தேர்ந்தெடுத்து, பேக்கப்பில் அதன் தேதியை வாரம் ஒரு முறை பாருங்கள். மாதம் ஒரு முறை ஒரு போட்டோ, ஒரு எக்செல் ஃபைல், ஒரு பழைய ஃபைல் ஆகிய மூன்றை வேறொரு ஃபோல்டருக்கு மீட்டுத் திறந்து பாருங்கள். முடிந்தால் வேறு கணினியில். ரெஸ்டிக், போர்க் இரண்டிலும் 'செக்' என்ற கட்டளை உண்டு, அதையும் அட்டவணையில் சேர்த்துவிடலாம்.

கேள்வி: பேக்கப் ஓடும்போது தெரியாமல் ஷட் டவுன் கொடுத்துவிட்டால்?

பெரிய சேதம் இல்லை. ஆர்சிங்க் தற்காலிகப் பெயரில் எழுதி, முழுதாக முடிந்த பிறகே உண்மைப் பெயருக்கு மாற்றும். பாதியில் நின்றாலும் பழைய பிரதி அப்படியே இருக்கும். ரோபோகாப்பி பாதி எழுதிய ஃபைலை அடுத்த ஓட்டத்தில் மறுபடி எடுக்கும். ஓடும்போது கேபிளைப் பிடுங்குவதுதான் ஆபத்து. அதில் கெடுவது ஃபைல் அமைப்பே. அப்படி நடந்துவிட்டால் அடுத்த பேக்கப்புக்கு முன் அந்த டிஸ்க்கில் எஃப் சுவிட்சுடன் 'செக்டிஸ்க்' ஓட்டிவிடுங்கள்.